கோயில் வகுப்புப் பசங்களுக்கு உலக விசயம் சொல்லணும், ஃபார்வேர்டு மெசேஜ் வேணாம், உண்மையா இருக்கணும்

ரங்கூன்_செயாமா (செயாமான்னா பர்மா பாஷையில டீச்சர்) எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ரங்கூன்ல கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கிழமை காலையில தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஏழு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் எல்லாம் கலந்து கட்டி உக்காந்திருக்கும்ங்க. வாரம் பூரா பர்மா பாஷையில படிச்சிட்டு இங்க வந்து அ ஆ எழுதச் சொன்னா கொட்டாவி தான் வருது, பாவம் அதுங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. அதனால கடைசி கால் மணி நேரம் புத்தகத்தை மூடி வச்சிட்டு உலகத்துல உள்ள அதிசய விசயம் ஏதாச்சும் தமிழ்லயே சொல்றேன், அப்ப மட்டும் கொட்டாவி நின்னு போயிடுது.

போன தடவை ஆக்டோபஸுக்கு மூணு இதயம்னு சொன்னேன். ஒரு வாண்டு தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசின கன்னத்தைச் சொறிஞ்சுகிட்டே "ஏன் டீச்சர் மூணு, ஒண்ணு பத்தாதா?"ன்னு கேட்டுச்சு. ரெண்டு இதயம் செவுளுக்கு ரத்தத்தைத் தள்ளும், மூணாவது உடம்பு பூரா அனுப்பும், நீந்தும்போது அந்த மூணாவது நின்னுடும், அதனால தான் அது நீந்துறதை விட ஊர்ந்து போறதையே விரும்பும், ரத்தத்துல இரும்புக்குப் பதிலா செம்பு இருக்கிறதால நீலமா இருக்கும், இப்படி ஒண்ணுலேர்ந்து ஒண்ணு இழுத்துகிட்டே போயி வகுப்பு முடியிற நேரம் தாண்டிடுச்சு, வெளிய அம்மாமாருங்க குடையோட நின்னுகிட்டு எட்டி எட்டிப் பாக்குறாங்க. கேள்வி எல்லாம் தமிழ்லயே வந்துச்சு, எனக்கு அது தான் வேணும்.

மிருகம், சாப்பாடு, பேர் போன கட்டடம், மத்த நாட்டுப் பழக்க வழக்கம் எதுவானாலும் சொல்லுங்க. "உலகத்துலயே பெரிசு, உலகத்துலயே உயரம்" மாதிரி நம்பர் மட்டும் இருக்கிறது வேணாம், அடுத்த வாரம் மறந்துடுதுங்க. அப்புறம் வாட்ஸாப்புல சுத்துறதையும் தயவு செஞ்சு போடாதீங்க.

---

பீகூ_சித்தப்பா:

நல்ல காரியம் பண்றம்மா. என் கையில இருக்கிறதை எழுதுறேன், பேத்திக்குச் சொல்ல சேத்து வச்சது.

1. சீனப் பெருஞ்சுவர் நிலாவுலேர்ந்து பாத்தாக்கூட தெரியும்.
2. நெருப்புக்கோழி பயந்தா தலையை மண்ணுக்குள்ள புதைச்சுக்கும்.
3. தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுர நிழல் தரையில விழவே விழாது.
4. நீலத் திமிங்கலத்தோட இதயம் ஒரு கார் அளவு.

நாலாவதைச் சொன்னா புள்ளைங்க வாயைப் பொளக்கும் பாரு.

---

மோல்மேன்_ராசா:

சித்தப்பா கோச்சுக்காதீங்க, செயாமா எது வேணாம்னு சொன்னாங்களோ அதுவே வரிசையா வந்திருக்கு 😄 ஆனா இந்த நாலையும் தூக்கிப் போட வேணாம் செயாமா, இதை வச்சே ஒரு வகுப்பு எடுக்கலாம், "இது நெசமா பொய்யா"ன்னு பசங்களையே கை தூக்கச் சொல்லிட்டு அப்புறமா சொல்லுங்க.

சீனாக்காரர் யாங் லிவெய் 2003ல விண்வெளிக்குப் போயிட்டு வந்தாரு, அந்த நாட்டுலேர்ந்து போன முதல் ஆள். திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்டது சுவர் தெரிஞ்சுதான்னு தான், தெரியலைன்னு சொல்லிட்டாரு. அவர் நிலாவுக்குக் கூட போகலை, பூமிக்குப் பக்கத்துலயே சுத்தினவரு. சுவர் எவ்வளவு நீளமா இருந்து என்ன, அகலம் சில மீட்டர் தானே, நிறமும் சுத்தி உள்ள மண்ணு நிறம்.

நெருப்புக்கோழிக்கு மரத்துல கூடு கிடையாது, மண்ணுல பள்ளம் தோண்டி முட்டை போடும். அந்த முட்டையை அப்பப்ப அலகால புரட்டி விடக் குனியும், தூரத்துலேர்ந்து பாக்கிறவனுக்குத் தலை மண்ணுக்குள்ள போன மாதிரி இருக்கும். பயந்தா அது ஓடும், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்துல. அவ்வளவு நல்ல கால் இருக்கும்போது எதுக்கு தலையைப் புதைக்கப் போகுது?

திமிங்கலம் விசயம் எனக்கே ரொம்பப் பிடிச்சது. 2014ல கனடாவுல நியூஃபவுண்ட்லாண்ட் கரையில செத்து ஒதுங்கின ஒரு நீலத் திமிங்கலத்தோட இதயத்தை முழுசா வெளிய எடுத்து, கெடாம பதப்படுத்தி டொராண்டோ மியூசியத்துல வச்சாங்க. சுமார் 180 கிலோ தான் இருந்துச்சு. அதுவே ரெண்டு மூணு பெரிய ஆள் எடை, ஆனா கார் கிடையாது. அந்த ரத்தக் குழாய்க்குள்ள குழந்தை நீந்தலாம்னும் ஒரு கதை சுத்துது, அதுவும் டூப்பு.

---

பீகூ_சித்தப்பா:

சரிய்யா ராசா, மத்ததை விடு. பெரிய கோயிலையும் பொய்ங்கிறியா? எங்க தாத்தா அந்த சீமையிலேர்ந்து கப்பல் ஏறினவரு, அவரே சொல்லுவாரு.

---

தட்டோன்_பொண்ணு:

சித்தப்பா, நான் போன வருசம் சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனப்ப நேர்லயே பாத்தேன், சாயங்காலம் நாலரை மணி வாக்குல கோயில் பிரகாரத்துல அந்த விமான நிழல் நீட்டா படுத்துக் கிடக்கு, நிழலுக்குள்ள தான் நாங்க உக்காந்து சுண்டல் சாப்பிட்டோம், வெயிலுக்கு அது தான் இடம். உச்சி வெயில்ல மட்டும் நிழல் ரொம்பச் சின்னதாகி அடிப்பாகத்துலயே விழுந்துடுது, ஏன்னா கீழ அகலம் மேல போகப் போகக் குறுகல். நம்ம ஊர் ஷ்வேடகோன் பகோடாவும் மத்தியானத்துல அப்படித் தான் தெரியும், யாரும் அதைப் பத்தி கதை கட்டலை.

ஆனா பசங்களுக்குச் சொல்ல உண்மையிலயே அங்க விசயம் இருக்கு. ராஜராஜன் 1010ல முடிச்ச கோயில், விமானம் 200 அடிக்கு மேல, முழுக்க கருங்கல்லு. ஆனா பக்கத்துல சுத்துவட்டாரத்துல கருங்கல் மலையே கிடையாது, எல்லாம் வண்டல் மண்ணு, நெல்லு விளையிற பூமி. அப்ப அத்தனை கல்லும் எங்கேர்ந்து எப்படி வந்துச்சுன்னு கேட்டு விட்டுடுங்க, பசங்க யானை, வண்டி, ஆறு, தெப்பம்னு அடிச்சுக்கும்ங்க. நிழல் கதையை விட இது தேவலை.

---

மாந்தலே_அக்கா:

செயாமா, எதுக்கு ஆஸ்திரேலியா ஆப்பிரிக்கான்னு ஓடணும், நம்ம காலடியில இருக்கிறதுலேர்ந்து ஆரம்பிங்க, அப்புறம் வெளிய போங்க. நம்ம புள்ளைங்களுக்கு சிங்கம் தெரியுது, கச்சின் மலையில தும்முற குரங்கு இருக்கிறது தெரியலை!

நெசமா தும்மும். மூக்கு மேல் பக்கமா திறந்து இருக்கும், மழை பேஞ்சா தண்ணி நேரா உள்ள போயி தும்மல் வந்துடும், அதனால மழை நாள்ல தலையை முழங்காலுக்கு நடுவுல கவுத்து வச்சுகிட்டு உக்காந்திருக்கும்னு அந்த மலை சனங்க சொல்றாங்க. வேட்டைக்காரங்களுக்கு அதைக் கண்டு பிடிக்க தும்மல் சத்தம் போதும். வெளி உலக ஆராய்ச்சிக்காரங்களுக்கு அப்படி ஒரு குரங்கு இருக்கிறதே 2010ல தான் தெரிய வந்துச்சு. வகுப்புல ஒரு புள்ளையைத் தலையைக் கவுத்துகிட்டு தும்மச் சொல்லுங்க, அன்னிக்கு அவ்வளவு தான், பாடம் நடந்த மாதிரி தான் 😂

அப்புறம் எங்க பக்கத்து ஐராவதி ஆத்து ஓங்கில், அதான் டால்பின். மீன்காரரு படகு விளிம்புல குச்சியால தட்டி, வாயால ஒரு மாதிரி சத்தம் குடுப்பாரு. ஓங்கில் வந்து மீன் கூட்டத்தை வளைச்சு படகுப் பக்கமா விரட்டிட்டு வரும், வால ஒரு ஆட்டு ஆட்டும், அவரு அந்த நேரம் பாத்து வலையை வீசுவாரு. வலைக்குப் பயந்து சிதறி ஓடுற மீனு ஓங்கிலுக்கு, வலையில மாட்டினது அவருக்கு. யாரும் கூண்டுல வச்சுப் பழக்கினது இல்லை, ஆத்துல சுதந்திரமா திரியிறது. இப்ப ரொம்பக் கொஞ்சம் தான் மிச்சம் இருக்கு, கரண்டு வச்சு மீன் பிடிக்கிறவங்களால தான் பெரிய கேடு. இதையும் சேத்தே சொல்லுங்க, புள்ளைங்க தானேன்னு மறைக்க வேண்டாம்.

தென்கிழக்குல சுண்ணாம்புக்கல் குகையில ஒரு வவ்வா இருக்கு, எடை ரெண்டு கிராம், நீளம் மூணு சென்டிமீட்டர் தான், நம்ம கட்டைவிரல் நுனி அளவு. தாய்லாந்துலயும் நம்ம நாட்டுலயும் தவிர வேற எங்கயும் கிடையாது. இது மோல்மேன் ராசா ஏரியா, அவரு சொல்லட்டும்.

---

மோல்மேன்_ராசா:

அக்கா குகைக்குள்ள போயி பாத்தேன், பெரிய வவ்வா தான் தலை மேல அபிஷேகம் பண்ணுச்சு, சின்னது கண்ணுல படலை 😭

ஆனா கச்சின்னதும் ஞாபகம் வருது. மைட்கினா ஊர்ல அம்பர் கல்லு சந்தை இருக்கு, மரத்துப் பிசின் கோடிக்கணக்கான வருசமா மண்ணுக்குள்ள கிடந்து கல்லாப் போனது, தேன் நிறத்துல இருக்கும், நகை செய்வாங்க. 2015ல ஷிங் லிடான்னு ஒரு சீன ஆராய்ச்சியாளர் அந்தச் சந்தையில சுத்திகிட்டு இருந்தப்ப ஒரு கல்லைப் பாக்குறாரு, உள்ள என்னமோ செடித் தண்டு மாதிரி இருக்குன்னு விக்கிறவங்க நினைச்சிருந்தாங்க, நகைக்காக ஏற்கனவே இழைச்சும் வச்சாச்சு. கடைசியில அது டைனோசர் வால்! எலும்பு மட்டும் இல்லை, இறகோட. 9 கோடியே 90 லட்சம் வருசத்துக்கு முந்தின குட்டி டைனோசரோட வால் துண்டு, பழுப்பு நிற இறகு அப்படியே ஒட்டிகிட்டு இருக்கு, கூடவே அதே பிசின்ல மாட்டின எறும்பு வேற.

டைனோசருன்னா ஓணான் மாதிரி சொரசொரன்னு இருக்கும்னு தான் பசங்க கார்ட்டூன்ல பாத்து வச்சிருக்கும். குருவிக் குஞ்சு மாதிரி பொசுபொசுன்னு இருந்தது, அதுவும் நம்ம நாட்டுச் சந்தையில கிடைச்சதுன்னு சொல்லுங்க.

---

தட்டோன்_பொண்ணு:

சாப்பாட்டுக்கு நான் வரேன் 🙋

"மிளகாய் இல்லாம சாம்பார் வைக்க முடியுமா?"ன்னு கேளுங்க முதல்ல. எல்லாம் முடியாதுன்னு தான் சொல்லும். அப்புறம் சொல்லுங்க, ஐநூறு அறுநூறு வருசத்துக்கு முன்னாடி தமிழ்நாட்டுலயும் சரி பர்மாவுலயும் சரி ஒரு மிளகாய்ச் செடி கூட கிடையாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், பப்பாளி, கொய்யா எல்லாமே அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து கப்பல்ல வந்தது, போர்த்துகீசியக்காரங்க காலத்துல. பெரிய கோயில் கட்டின ராஜராஜனுக்கு தக்காளி ரசம்னா என்னன்னே தெரியாது, அவங்களுக்கெல்லாம் காரம்னா மிளகு தான். என் வீட்டுப் பையன் இதைக் கேட்டுட்டு "ராஜாவா இருந்தும் பாவம்"ங்கிறான்.

ஆனா எனக்கு எல்லாத்துலயும் பிடிச்சது வெனிலா கதை, இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும். ஐஸ்க்ரீம்ல போடுற வெனிலா மெக்சிகோவுல உள்ள ஒரு கொடி, ஆர்க்கிட் வகை. அதைக் கொண்டு போயி வேற நாடுங்கள்ல நட்டா கொடி நல்லா வளருது, பூ பூக்குது, காய் மட்டும் பிடிக்க மாட்டேங்குது, ஏன்னா மகரந்தம் சேக்குற தேனீ மெக்சிகோவுலயே தங்கிப் போச்சு. பூவோ ஒரே நாள் தான் திறந்திருக்கும், சாயங்காலம் வாடிடும். பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க எல்லாம் மண்டையை உடைச்சுகிட்டு இருக்கும்போது, ரீயூனியன் தீவுல எட்மோன்னு ஒரு அடிமைப் பையன், 12 வயசு, 1841ல அதுக்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடிச்சான். மெல்லிசா ஒரு குச்சியை எடுத்து பூவுக்குள்ள ஆணையும் பெண்ணையும் பிரிக்கிற சின்ன மடல் இருக்கும்ல, அதைத் தூக்கிட்டு கட்டைவிரலால லேசா அமுக்கி ரெண்டையும் ஒட்ட வச்சான். சில நொடி வேலை. இன்னைக்கும் மடகாஸ்கர்ல ஒவ்வொரு பூவையும் மனுசங்க கையாலயே அவன் காட்டின அதே மாதிரி தான் பண்றாங்க, அதனால தான் நிஜ வெனிலா அவ்வளவு விலை. செம்பருத்திப் பூவை வச்சு மகரந்தம் எது சூல் எதுன்னு வகுப்புலயே காட்டலாம், கோயில்ல பூவுக்கா பஞ்சம்.

அந்த ஊர் தோட்டக்காரங்க எல்லாம் அதால பணக்காரங்க ஆனாங்க. அவனுக்கு 1848ல அடிமைத்தனம் ஒழிஞ்சப்ப விடுதலையும் அல்பியஸ்ங்கிற குடும்பப் பேரும் கிடைச்சுது, காசு வரலை, ஏழையாவே தான் செத்தான். இதைச் சின்னப் பசங்க கிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன், எங்க வீட்டுல சொன்னேன், "அநியாயம்"னு கத்துச்சுங்க. கத்தட்டும்.

---

பீகூ_சித்தப்பா:

வெனிலா கதை எனக்கே புதுசு, நல்லா இருக்கு. அப்ப நானும் ஒண்ணு சொல்றேன், இது ஃபார்வேர்டு இல்லை, ராசா சும்மா இரு.

பல்லு. எல்லாப் புள்ளைக்கும் அந்த வயசுல பல்லு விழும், வகுப்புல பாதிக்கு முன்பல்லே இருக்காது. நம்ம வீட்டுல விழுந்த பல்லைச் சாணியில உருட்டி கூரை மேல எறிவோம். கொரியாவுலயும் கூரை மேல தான் எறிவாங்க, அங்க மேக்பைங்கிற பறவை வந்து எடுத்துட்டுப் புதுப் பல்லு குடுக்கும்னு நம்பிக்கை, காக்கா ஜாதி மாதிரி கறுப்பு வெள்ளையா இருக்குமே அந்தப் பறவை. ஜப்பான்ல கீழ்ப் பல்லு விழுந்தா கூரை மேல, மேல் பல்லு விழுந்தா வீட்டுத் தரைக்கு அடியில, புதுப் பல்லு அந்தத் திசையைப் பாத்து நேரா வளரும்னு. ஸ்பெயின்ல தலகாணிக்கு அடியில வச்சா ஒரு சுண்டெலி வந்து எடுத்துட்டு காசோ பரிசோ வச்சிட்டுப் போகும், இங்கிலீஷ்காரனுக்கு தேவதை வருது இவனுக்கு எலி வருது. மங்கோலியாவுல கொழுப்புல பொதிஞ்சு நாய்க்குப் போட்டுடுவாங்க, நாய் பல்லு மாதிரி கெட்டியா வளரணும்னு.

எவன் எவனோ எங்கெங்கயோ இருக்கான், பல்லு விழுந்தா மட்டும் பல பேருக்குக் கூரையோ எலியோ தான் ஞாபகம் வருது. ஏன் எலின்னா அதுக்குப் பல்லு வாழ்நாள் பூரா வளந்துகிட்டே இருக்கும், தேய்க்கலைன்னா வாய் மூட முடியாது, அதான் எதையாச்சும் கொறிச்சுகிட்டே இருக்கு.

---

மோல்மேன்_ராசா:

சித்தப்பா இது சூப்பர், உண்மையா. போன போஸ்டுக்கு சேத்து ஒரு லப்பெ தொ நான் வாங்கித் தரேன்.

லப்பெ தொ சொன்னதும் தான், உலகமே தேயிலையைக் குடிக்குது நாம அதை ஊற வச்சு பூண்டு, வறுத்த கடலை, எள்ளு, இறால் பொடி போட்டுச் சாப்பிடுறோம், வெளிநாட்டுப் பசங்களுக்கு இது தான் அதிசயம். அதே மாதிரி டீக்கடையில பையனைக் கூப்பிட நாம உதட்டைக் குவிச்சு முத்தம் குடுக்கிற சத்தம் போடுறோம்ல, மத்த ஊர்ல அதைச் செஞ்சா அடி விழும். நம்ம பசங்களுக்கு இது அதிசயம்னே தெரியாது, அதையும் சொல்லணும்.

வண்டி விசயமும் கேளுங்க. 1970ல ஒரே நாள்ல இடது பக்கம் போயிட்டு இருந்த போக்குவரத்தை அரசாங்கம் வலது பக்கத்துக்கு மாத்திடுச்சு. ஆனா ஜப்பான்லேர்ந்து வந்த பழைய வண்டி எல்லாம் இடது பக்கம் போறதுக்குச் செஞ்சது, ஸ்டியரிங் வலது பக்கம். அதனால தான் நம்ம ரோட்டுல முன்னாடி லாரியைத் தாண்டணும்னா பக்கத்துல உக்காந்திருக்கிறவன் எட்டிப் பாத்து "போ போ"ன்னு சொல்ல வேண்டியிருக்கு. எந்த நாட்டுல எந்தப் பக்கம், ஏன்னு ஒரு உலக வரைபடத்துல கலர் அடிக்கச் சொல்லலாம்.

---

மாந்தலே_அக்கா:

பேர் விசயத்தை யாரும் சொல்லலையே. பர்மாக்காரங்களுக்குக் குடும்பப் பேரு கிடையாது, அப்பா பேரு அம்மா பேரு புள்ளை பேரு மூணுக்கும் சம்பந்தமே இருக்காது. எந்தக் கிழமையில பொறந்தாங்களோ அதுக்குன்னு சில எழுத்து, அதுல தான் பேரு ஆரம்பிக்கும் பெரும்பாலும். கிழமைக்கு ஒரு மிருகமும் உண்டு. ஞாயிறு கருடன், திங்கள் புலி, செவ்வாய் சிங்கம், வியாழன் எலி, வெள்ளி கினிப்பன்றி, சனி நாகம். புதன் மட்டும் ரெண்டா பிரியும், காலையில பொறந்தா தந்தம் உள்ள யானை, மத்தியானத்துக்கு மேல பொறந்தா தந்தம் இல்லாத யானை, அது ராகுவுக்கு. ஆக வாரத்துக்கு எட்டு. ஷ்வேடகோன்ல எட்டு மூலையில அவங்கவங்க கிழமைக்கு முன்னாடி நின்னு தண்ணி ஊத்துறதைப் பசங்க பாத்திருக்கும், நம்ம கோயில் நவகிரகத்தைச் சுத்துற புள்ளைங்களுக்கு ராகு யாருன்னு சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை.

அவங்கவங்க பொறந்த கிழமையைக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க, வீட்டுல அம்மா கிட்ட தமிழ்ல தானே கேக்கணும்.

வேணும்னா இதோட எத்தியோப்பியாவையும் சேத்துக்கலாம், அங்க வருசத்துக்கு 13 மாசம், பன்னெண்டு மாசம் முப்பது முப்பது நாள், கடைசி மாசம் அஞ்சு இல்லைன்னா ஆறு நாள் தான். நம்ம வருசத்தை விட ஏழெட்டு வருசம் பின்னாடி வேற.

---

ரங்கூன்_செயாமா:

அய்யோ இவ்வளவு வரும்னு நினைக்கவே இல்லை, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வர்ற ஞாயிறு பல்லு, ஏன்னா முன்வரிசையில ரெண்டு பேருக்கு ஆடிகிட்டு இருக்கு. அதுக்கடுத்து சித்தப்பாவோட நாலையும் நெசமா பொய்யான்னு வச்சுக்கிறேன். வெனிலா பெரிய பசங்களுக்கு, அது அவசரமா சொல்ற கதை இல்லை. கிழமை மிருகம் வீட்டுப்பாடம். தும்முற குரங்கை மழைக்காலம் வரட்டும்னு வச்சிருக்கேன், மண்டபத்துக் கூரை ஒழுகும்போது சொன்னா தான் சரியா இருக்கும்.

மாந்தலே அக்கா, ஒரு சந்தேகம். புதன்கிழமை சரியா பன்னெண்டு மணிக்குப் பொறந்த புள்ளைக்கு எந்த யானை? கண்டிப்பா ஒருத்தன் கேப்பான்.

---

மாந்தலே_அக்கா:

கேப்பான், கேக்கணும்! எங்க தெருவுல ஜோசியம் பாக்கிறவர் ஒருத்தர் இருக்காரு, விசாரிச்சிட்டு எழுதுறேன். அதுக்குள்ள எவனாச்சும் கேட்டா அம்மா எந்த யானையைக் கேட்டாங்களோ அதுன்னு சொல்லி வை.